பாஸ் கேபினட்டில் இரண்டு ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் ஊமையானால்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் உதவும். உங்களிடம் இருப்பது 4×10 பாஸ் கேபினட், அதாவது பாஸ் கிட்டாருக்கான, பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு உள்ள பெட்டி. பின்பக்கத் தகட்டில் 8 ஓம், 500 வாட் என்று போட்டிருக்கிறது. கச்சேரி நடுவில் சட்டென்று சத்தம் குறைந்தது. பார்த்தால் இடது பக்கம் மேலும் கீழும் இருக்கிற இரண்டிலும் சத்தம் இல்லை, வலது பக்கம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கடைக்காரர், "ரெண்டும் எரிஞ்சிருச்சு, நாலையும் மாத்திடுங்க, அப்பதான் சவுண்டு ஒண்ணா இருக்கும்" என்கிறார். நாலையும் மாற்றணுமா, இரண்டு போதுமா, அடுத்த வாரக் கச்சேரியை மிச்சம் இரண்டை வைத்து ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிய வேண்டியது ஒன்று உண்டு: அந்த இரண்டும் நிஜமாகவே எரிந்துவிட்டனவா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒன்று எரிந்திருக்கலாம். ஒன்றுகூட எரியாமல் எங்கோ ஒரு வயர் மட்டும் விட்டுப்போயிருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு.

மேடை ஆம்ப், ஸ்பீக்கர் பழுதுபார்ப்பது என் தொழில். இத்தனை வருடத்தில் பல ஸ்பீக்கர் உள்ள பெட்டி எது வந்தாலும் நான் முதலில் கேட்பது எத்தனை போச்சு என்று அல்ல. எவையெல்லாம் சேர்ந்து போயின என்றுதான். பாதிப் பழுது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். 8 ஓம் ஸ்பீக்கர் நான்கைச் சேர்த்து மொத்தத்தையும் 8 ஓமாகவே கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் இரண்டிரண்டாகத் தொடரில் (ஒன்றின் வழியாகவே மற்றதற்கு மின்சாரம் போகும்படி) இணைத்து, அந்த இரண்டு சோடியையும் பக்க இணைப்பில் (ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் தனியாகப் போகும்படி) போடுவார்கள். தொடரில் இருக்கும் இரண்டில் ஒன்றின் காயில், அதாவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அறுந்தால் கூட இருப்பதற்கும் மின்சாரம் போகாது. நல்ல ஸ்பீக்கரும் செத்தது மாதிரியே கிடக்கும். இரண்டாவது வழியில் இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் போட்டு, அந்தச் சோடிகளைத் தொடரில் இணைப்பார்கள். அங்கே ஒன்று அறுந்தால் அது ஒன்று மட்டும்தான் நிற்கும். ஆனால் அதன் சோடி கூடுதல் சுமையைச் சுமக்கும். கணக்குப் போட்டால், அதே வால்யூமில் அது முன்பு வாங்கியதைப் போல 1.8 மடங்கு பவர் வாங்கும். கொஞ்ச நாளில் அதுவும் எரிந்தால் பெட்டி மொத்தமும் அமைதியாகிவிடும். மூன்றாவதாக, 32 ஓம் ஸ்பீக்கர் நான்கை நேராகப் பக்க இணைப்பில் போட்டாலும் 8 ஓம்தான் வரும். அதில் ஒன்றுக்கு வந்த வியாதி மற்றதைத் தொடாது.

இந்த மூன்றாவது வகைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி 810இ கேபினட். எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 32 ஓம், எல்லாம் பக்க இணைப்பு, மொத்தம் 4 ஓம். பெட்டி உள்ளே மூடிய நான்கு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும், அறைக்கு இரண்டு ஸ்பீக்கர். அதில் ஒன்று போனால் மிச்சம் ஏழும் பாடிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் பல மாதம் கவனிக்காமலே ஓட்டிவிடுவார். அதே பெட்டியை ஸ்டீரியோவாகப் பிரித்து, பாதிக்குப் பாதி 8 ஓமாகவும் ஓட்டலாம். ஆகவே அதில் நான்கு ஒரே நேரத்தில் நின்றால், நான்கு காயிலைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பின்பக்கத் தகட்டைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் பெட்டியில் ஒரே நொடியில், ஒரே பக்கத்து இரண்டு நின்றிருக்கின்றன. இரண்டு காயில் ஒரே நொடியில் எரிவது அபூர்வம். தொடர் இணைப்பில் ஒரு இடம் அறுந்தது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். அறுந்தது காயிலா, வயரா, வயர் வந்து சேரும் டெர்மினலா என்பது இங்கிருந்து எனக்குத் தெரியாது. அளந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் வெளியே முடித்துவிட வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. ஆம்பிலிருந்து கேபினட்டுக்குப் போகும் கேபிளை மாற்றிப் பாருங்கள். அது ஸ்பீக்கர் கேபிள்தானா என்றும் பாருங்கள். கிட்டாருக்குப் போடும் ஷீல்டு கேபிளும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி இந்தப் பவருக்கு ஆனதல்ல, சூடாகி உருகி ஷார்ட் ஆகலாம். பின்பக்கத் தகட்டில் மோனோ-ஸ்டீரியோ, ஃபுல் ரேஞ்ச்-பை ஆம்ப் (எல்லா ஒலிக்கும் ஒரே ஆம்பா, தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனி ஆம்பா) என்று சுவிட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். பெட்டியை வேனில் ஏற்றி இறக்கும்போது யாராவது இடித்து அது மாறிவிடுவது உண்டு. ஸ்பீகான் (திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் இணைப்பு) சாக்கெட் இருந்தால் அதில் ஒன்று, இரண்டு என இரு சோடி முனைகள் இருக்கும். பெட்டியின் பாதி இரண்டாவது சோடியில் இணைக்கப்பட்டு, உங்கள் கேபிளில் முதல் சோடிக்கு மட்டும் வயர் இருந்தால் அந்தப் பாதி வேலை செய்யாது.

அடுத்தது, பெட்டியைத் திறக்காமலே ஒரு அளவு. ஆம்பைக் கழற்றிவிடுங்கள், ஆம்ப் இணைந்திருக்கும்போது ஓம் அளக்கவே கூடாது. மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 அல்லது 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயருடைய ஓம், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இப்போது ஸ்பீக்கர் கேபிளைக் கேபினட்டில் செருகி, அதன் மறுமுனையில் அளங்கள். 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் மீட்டர் 8 காட்டாது. எழுதியிருப்பது மாறுமின்னோட்டத்துக்கான எண், மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்தில். நல்ல 8 ஓம் பெட்டி ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்குள் எங்காவது காட்டும், 6 என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுடையது 12 பக்கம் காட்டினால் ஒரு தொடர்ச் சோடி முழுக்க அறுந்திருக்கிறது என்பது உறுதி. 4 பக்கம் காட்டினால் ஒரு காயில் உள்ளுக்குள் ஷார்ட். அந்தப் பெட்டியை ஆம்பில் மாட்டவே மாட்டாதீர்கள். பெட்டியில் டுவீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. டுவீட்டருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், மீட்டருக்கு அதைத் தாண்டி எதுவும் தெரியாது.

கோனில் (ஸ்பீக்கரின் முன்னால் ஆடும் கூம்பில்) விரல் வைத்து, "ஆடுதே, அப்ப நல்லா இருக்கு" என்று முடிவு செய்கிறவர்கள் நிறையப் பேர். அதை நம்பாதீர்கள். ஒரே அறையில் இருக்கும் ஸ்பீக்கர்களில் ஒன்று ஓடும்போது உள்ளிருக்கும் காற்று அமுங்கி விரியும், அந்த அழுத்தத்தில் செத்த ஸ்பீக்கரின் கோனும் ஆடும். அடிக்கடி நல்ல ஸ்பீக்கரைவிட அதிகமாகவே ஆடும், ஏனென்றால் காயில் அறுந்த பிறகு அதைப் பிடித்து நிறுத்த ஆம்பிலிருந்து எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதற்குப் பதில் ஒரு செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வையுங்கள். வால்யூமை நன்றாகக் குறைத்து, பாஸில் மெல்லிய ஸ்ட்ரிங்குகளை வாசிக்கச் சொல்லி, மறுமுனையை ஒவ்வொரு கோன் முன்னாலும் கொண்டுபோங்கள். விரல் படும் நறுக்கென்ற சத்தம் எதில் கேட்கவில்லையோ அதில் மின்சாரம் இல்லை. தாழ்ந்த சுரத்தில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அது எல்லாக் கோனிலும் வருவது மாதிரியே இருக்கும்.

சரி, இனித் திறக்கலாம். பெட்டியை மல்லாக்கப் படுக்க வையுங்கள், ஸ்பீக்கர் வானத்தைப் பார்த்து இருக்கட்டும். நிற்க வைத்துக் கழற்றினால் கடைசி ஸ்க்ரூ வந்ததும் ஸ்பீக்கர் முழு எடையோடு கையில் சாயும். காந்தத்தை மறந்துவிடாதீர்கள். பத்து அங்குல பாஸ் ஸ்பீக்கரின் காந்தம் இரும்பு ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும். எரிந்த ஸ்பீக்கரை மாற்ற வந்து பக்கத்தில் இருந்த நல்ல ஸ்பீக்கரின் கோனைக் கிழித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் கோனை மறைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வயரையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த நிறம் எந்த முனையில் என்று தெரிகிற மாதிரி.

உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் டெர்மினலில் செருகியிருக்கும் கிளிப்புகள். பாஸ் பெட்டியின் உள்ளே அதிர்வு அவ்வளவு இருக்கும், பல வருடத்தில் அவை தளர்ந்துவிடும். லேசாக இழுத்தாலே கையோடு வந்தால் அதுதான் உங்கள் பழுது. குறட்டால் மெதுவாக நெருக்கி மறுபடி செருகினால் வேலை முடிந்தது. ஈயம் வைத்த இணைப்பு என்றால் டிரை சால்டர் இருக்கிறதா பாருங்கள். மங்கலாக, சுற்றிலும் மெல்லிய வளையமாக விரிசல் விட்டிருக்கும். ஜாக் தகட்டின் பின்புறத்தையும் இதே கண்ணோடு பாருங்கள்.

வயரெல்லாம் சரியாக இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கராக அளக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு வயரையாவது கழற்றாமல் அளந்தால் மீட்டர் அந்த ஸ்பீக்கரை மட்டும் அளக்காது, மற்ற மூன்றின் வழியாகவும் சுற்றி வரும். முதல் வகை இணைப்பில் காயில் அறுந்த ஸ்பீக்கரை அப்படி அளந்தால் 18 ஓம் பக்கம் காட்டும். ஏதோ எண் வருகிறதே, அப்படியானால் காயில் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். எல்லாம் நல்ல நிலையில் இருக்கும் பெட்டியிலோ ஒவ்வொன்றும் நாலரை காட்டி, ஷார்ட்டோ என்று பயமுறுத்தும். ஒரு வயரைக் கழற்றிவிட்டு அளந்தால் குழப்பமே இல்லை. 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கம் காட்டணும், 32 ஓம் ஸ்பீக்கர் இருபதுகளில் காட்டணும். எதுவுமே காட்டாவிட்டால் ஓப்பன், அதாவது உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. 3 மாதிரி காட்டினால் காயிலின் சுற்றுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

ஓப்பன் என்று வந்தாலும் காயில்தான் எரிந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. டெர்மினலிலிருந்து கோனுக்கு ஒரு மெல்லிய பின்னல் வயர் வளைந்து போவதைப் பார்ப்பீர்கள். கோன் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அது மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கி, டெர்மினலை ஒட்டியோ கோனை ஒட்டியோ உள்ளே அறுந்துபோகும். மேலே இருக்கும் நூல் பிடித்திருப்பதால் வெளியே முழுசாகவே தெரியும். மெதுவாக வாசிக்கும்போது வந்து, ஓங்கி வாசித்தால் விட்டு விட்டு வருகிற ஸ்பீக்கரில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மீட்டரை மாட்டி, கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக உள்ளே அழுத்தி அப்படியே பிடித்திருங்கள். ஆட்டும்போது எண் தாறுமாறாக ஓடும். அந்த அசைவே மின்சாரம் உண்டாக்குவதால் அப்படி வருகிறது, கணக்கில் எடுக்காதீர்கள். பிடித்து நிறுத்திய பிறகு ஒரு இடத்தில் 6 காட்டி இன்னொரு இடத்தில் ஓப்பன் காட்டினால் பின்னல் வயர்தான். அதற்கான வயரையே வாங்கிப் போட வேண்டும், சாதாரண வயர் சில மணி நேரத்தில் முறிந்துவிடும். பற்றவைக்கும்போது ஈயம் பின்னலுக்குள் ஏறவும் விடாதீர்கள். ஏறிய இடம் விறைத்து, மறுபடி அங்கேயே அறும்.

காயில் எரிந்திருந்தால் மூக்கே சொல்லிவிடும். கருகிய வார்னிஷ் வாடை வாரக்கணக்கில் போகாது. கோனை மெதுவாகச் சமமாக அழுத்தும்போது உள்ளே மணல் உரசுவது மாதிரி கரகரத்தால், ஓம் சரியாகக் காட்டினாலும் அந்த ஸ்பீக்கர் கெட்டதுதான். காயில் உருக்குலைந்து காந்த இடைவெளியில் உரசுகிறது. கோன் அசையவே மறுத்தாலும் அப்படித்தான். ஆகவே மீட்டரில் நல்ல எண் வருவது மட்டும் ஸ்பீக்கர் நல்லது என்பதற்குச் சாட்சி ஆகாது.

இனி எத்தனை மாற்றுவது என்ற கேள்வி. ஒன்று மட்டும் எரிந்து, அதே கம்பெனியின் அதே மாடல் கிடைத்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரிஜினல் கிட் கிடைத்தால் கோனும் காயிலும் மாற்றிக்கொள்வதும் நல்ல வழி. அதே மாடல் இப்போது வருவதில்லை என்றால் கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரே அறையைப் பகிரும் ஸ்பீக்கர்கள் ஒரே மாதிரி ஆட வேண்டும். விறைப்பும் எடையும் வேறான இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒன்று அதிகம் ஆடும், ஒன்று குறைவாக ஆடும், அதிகம் ஆடுவது முன்னால் போகும். அந்த நிலையில் நான்கையும் மாற்றி, கழற்றியதில் நல்ல மூன்றை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வேன். கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு ஸ்பீக்கரையும் தனித்தனியாக அளந்த எண் என்ன என்று அவரிடம் கேளுங்கள். எண் இல்லாமல் சொன்ன முடிவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

"பத்து அங்குலம், 8 ஓம், அதே வாட்ஸ்" என்று சொல்லி எதையாவது வாங்கிவிடவும் வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கரிலும் பத்து அங்குலம், 8 ஓம் உண்டு. ஆனால் அதன் கோன் முன்பின் போக வேண்டிய தூரம் ரொம்பக் குறைவு, பாஸ் வாசித்தால் சீக்கிரம் கிழியும். கார் சப்வூஃபர் நன்றாக ஆடும்; ஆனால் அதே பவருக்கு அது கொடுக்கும் சத்தம் குறைவு. 10 டெசிபல் வித்தியாசம் என்றால் சமன் செய்யப் பத்து மடங்கு பவர் வேண்டும்.

அடுத்த வாரக் கச்சேரிக்கு வருகிறேன். உங்களுடையது முதல் வகை இணைப்பு என்றால், மிச்சம் இருக்கும் சோடி முன்பு வாங்கிய அதே பவரைத்தான் வாங்குகிறது. ஆம்புக்கு 8 ஓம் சுமை 16 ஓமாகியிருக்கிறது, டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. வால்வ் ஆம்ப் என்றால் 16 ஓம் முனை இருந்தால் அதற்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓட்ட வேண்டாம். ஆபத்து வருவது வேறு பக்கத்திலிருந்து. பாதி ஸ்பீக்கர் நின்றதால் தாழ்ந்த ஒலி 6 டெசிபல் அளவு குறைந்திருக்கும், மேடையில் அதை ஈடுகட்ட வால்யூமைத் திருப்புவீர்கள். 6 டெசிபல் ஏற்றுவது என்றால் நாலு மடங்கு பவர், இரண்டே ஸ்பீக்கரில். வீட்டில் ஒத்திகைக்கு ஓட்டுங்கள். மேடைக்கு வேண்டாம், ஆம்பிலிருந்து டிஐ (மிக்ஸருக்கு நேராகப் போகும் அவுட்) எடுத்து பிஏ-வில் (அரங்கின் பொது ஒலிபெருக்கியில்) கொடுத்துவிடுங்கள், பெட்டி உங்கள் காதுக்கு மட்டும் மெதுவாக ஓடட்டும்.

காயில் எரிந்தது உறுதியானால் காரணத்தைத் தேடாமல் புது ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். தகட்டில் இருக்கும் 500 வாட் என்பது காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது, கோன் எவ்வளவு தூரம் ஆடலாம் என்பதை அல்ல. பாஸின் இ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், ஐந்து ஸ்ட்ரிங் பாஸின் பி 31 ஹெர்ட்ஸ். அதே சத்தத்துக்கு ஒலி ஒரு ஸ்தாயி கீழே போனால் கோன் நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். முன்பக்கம் துளை வைத்த பெட்டியில் அந்தத் துளைக்கென்று ஒரு சுருதி உண்டு. அதற்கும் கீழே போனால் உள்ளிருக்கும் காற்று கோனைத் தாங்காது, காயில் இடைவெளியை விட்டு வெளியே வந்து இடிக்கும். இந்த நிலையில் ஆம்பில் அடி ஒலியைக் கூட்டும் பேஸ் நாபை முழுக்கத் திருப்பி 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் பதினாறு மடங்கு பவர் கேட்கிறீர்கள். கீபோர்டு பாஸையும் ரிதம் பேடையும் இதே பெட்டியில் போடுவது நம்மூர் மேடைகளில் சகஜம். அதில் வரும் கிக் டிரம் ஒலி, பாஸ் கிட்டாரைவிடக் கீழே இறங்கும், பல பெட்டிகள் அதில்தான் உயிர்விடுகின்றன. உங்கள் ஆம்பில் ஹைபாஸ் ஃபில்ட்டர் (ஒரு அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது) இருந்தால் 35, 40 ஹெர்ட்ஸில் போட்டு வையுங்கள். ஆம்பையும் ஒருமுறை பாருங்கள்: எதுவும் வாசிக்காமல், வால்யூமைக் குறைத்து, ஸ்பீக்கர் அவுட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே டிசி வோல்ட் அளங்கள். சில பத்து மில்லிவோல்ட் வரலாம். வோல்ட் கணக்கில் வந்தால் ஆம்ப் பழுது, எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் எரிக்கும்.

திரும்ப மாட்டும்போது ஸ்பீக்கரைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கேஸ்கெட் கிழியாமல் இருக்கணும், ஸ்க்ரூவை எதிரெதிராக, கையால் முறுக்குங்கள். அப்புறம் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் கேபிளின் மறுமுனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். நான்கு கோனும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அதன் வயர் தலைகீழ்; அப்படியே விட்டால் நான்கும் பாடினாலும் அடி ஒலி மெலிந்துபோகும். முதலில் ஜாக்கில் அளந்த எண்ணையும், வயரைக் கழற்றி அளந்த நான்கு எண்களையும், கேபினட் மாடலையும் இங்கே எழுதுங்கள். எதை வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.